மீன்பிடித் தடைக்காலத்தில் வீடு தேடி வந்தவர்கள்: எங்கள் பள்ளி மேலாண்மைக் குழு பற்றி ஒரு தாயின் மதிப்பீடு

2024 ஆகஸ்ட் 31, சனிக்கிழமை. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்த நாள். திங்கள், புதன், சனி மூன்று நாளும் எங்கள் பக்கம் லாஞ்சி, அதாவது விசைப்படகு, கடலுக்குப் போகிற நாள். அதனால் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூடிய கூட்டத்தில் ஆண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நண்டுக் கம்பெனியில் அன்றைய கூலியை விட்டுவிட்டு நான் போயிருந்தேன். மகன் அப்போது பத்தாவது, மகள் எட்டாவது.

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே இறங்கினால் வருகிற ஊர் எங்களுடையது. என் வீட்டுக்காரர் சோளியக்குடி லாஞ்சியில் கூலிக்குப் போகிறவர். ஊரின் பெயரையும் பள்ளியின் பெயரையும் எழுதப்போவதில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன், நாளைக்கும் அங்கே போய் நிற்க வேண்டியவள் நான்.

தலைவர் பொறுப்புக்கு அன்றைக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் எழுந்து, "எல்லாரும் ஒத்துழைப்பு குடுங்க, பள்ளிக்கூடத்த முன்னுக்குக் கொண்டு வருவோம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். இன்னொருவர் கையில் நான்காக மடித்த நோட்டுத்தாள் வைத்திருந்தார். தெருவே அவரை லாத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகியவள். கணவர் வெளிநாட்டில் டிரைவர், வீட்டில் தையல் மிஷின் ஓடுகிறது, மகள் என் மகளோடு படிக்கிறாள். அவர் ஐந்து விஷயம் வாசித்தார். பொம்பளைப் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும். காலியாக இருக்கிற கணக்கு வாத்தியார் இடம். சாயந்திரம் சிறப்பு வகுப்பு முடிந்து தூரத்துக் குடியிருப்புகளுக்குப் போகிற பிள்ளைகளுக்கு பஸ். செவ்வாயும் வியாழனும் காலையில் வராத பையன்கள். கடைசியாக, பத்தாவது முடித்துவிட்டுப் பதினொன்றில் சேராமல் போகிறவர்கள்.

முதல் மூன்றுக்கும் கை தட்டினோம். நான்காவதும் ஐந்தாவதும் வந்தபோது யாரும் தட்டவில்லை. அதைக் குறை என்று நாங்கள் நினைத்ததே இல்லை. மழை எப்போது வரும், வாடைக்காற்று எப்போது திரும்பும் என்கிற மாதிரி, பையன்கள் பத்தாவதோடு நின்று கடலுக்குப் போவதும் ஊர் வழக்கம் என்று இருந்தோம். ஆனாலும் தலைவராக லாத்தாவைத்தான் தேர்ந்தெடுத்தோம்.

இந்தக் குழுவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது பழைய பெற்றோர் ஆசிரியர் கழகம் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் இருந்து வந்தது. உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். 2022இல் அமைத்தபோது 20 பேர் இருந்தார்கள். 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆனார்கள். பதவிக்காலம் இரண்டு வருஷம். பள்ளிக்கு என்ன வேண்டும் என்று தீர்மானம் போடலாம், பள்ளிக்கு வருகிற மானியம் எதற்குச் செலவாகிறது என்று கேட்கலாம், ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் தற்காலிகமாக ஆள் எடுக்கலாம். இந்தக் கடைசி அதிகாரம் நிறையப் பேருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

கழிப்பறையில் இருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் முதலில் நடந்தது. எங்கள் ஊரில் இரும்பு நிற்காது. உப்புக்காற்று ஒரு வருஷத்தில் தின்றுவிடும். முன்பு போட்ட தாழ்ப்பாள் எல்லாம் துருப்பிடித்து உதிர்ந்து, பிள்ளைகள் ஒருத்திக்கு ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் மகள் காலையில் தண்ணீரே குடிக்காமல் பள்ளிக்குப் போவாள். கேட்டால் "தாகமில்லம்மா" என்பாள். முதல் கூட்டத்திலேயே புதுத் தாழ்ப்பாள் வாங்கத் தீர்மானம் போட்டார்கள். குழுவில் முன்னாள் மாணவராக வந்திருந்த ஒரு படகு ஆசாரி, "இரும்பு வேணாம். போட்டுக்குப் போடுற பித்தளைச் சாமான் வாங்குங்க, கூடக் கொஞ்சம் ஆகும், ஆனா பிள்ளைங்க படிச்சு முடிக்கிற வரைக்கும் கெடக்கும்" என்று சொன்னார். அவரே வந்து பூட்டிக்கொடுத்தார். இன்றைக்கும் அந்தத் தாழ்ப்பாள்கள் அப்படியே இருக்கின்றன. தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டாரும் மாற்றினார்கள். என் மகள் இப்போது தண்ணீர் பாட்டிலைக் காலி பண்ணிக்கொண்டு வருகிறாள். இதற்கு முழு மதிப்பெண்.

கணக்கு வாத்தியார் விஷயம் பாதிதான் பலித்தது. பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளுக்குத் தற்காலிக முதுகலை ஆசிரியருக்கு மாதம் 18,000 ரூபாய் தொகுப்பூதியம். அந்தச் சம்பளத்துக்கு வெளியூரில் இருந்து யாரும் வந்து தங்கமாட்டார்கள். பக்கத்து ஊரிலேயே எம்.எஸ்சி. முடித்த ஒரு பெண் வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு லாத்தா தேடிப் போய்க் கூட்டிவந்தார். ஒரு கல்வியாண்டு நல்லபடியாக நடத்தினார். அடுத்த வருஷம் கல்யாணமாகிப் போய்விட்டார். மறுபடி இரண்டு மாதம் காலி.

பஸ்ஸுக்கு மனு கொடுத்தார்கள். மே 1 கிராம சபையிலும் தீர்மானம் போட்டார்கள். நான் இதை எழுதுகிற வரைக்கும் பஸ் நேரம் மாறவில்லை.

செவ்வாய், வியாழன் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். திங்கள்கிழமை போன லாஞ்சி செவ்வாய் விடியக் கரைக்கு வரும். புதன் போனது வியாழன் விடிய வரும். மீன் இறக்க, ரகம் பிரிக்க, ஐஸ் அடிக்கப் பையன்களுக்குக் கைச்செலவுக்குக் காசு கிடைக்கும். இரண்டு மணி நேர வேலை. குளித்துவிட்டுப் பள்ளிக்கு வந்தால் முதல் பிரிவேளை போயிருக்கும். வெளியே நிற்கவைப்பார்கள் என்ற பயத்தில் அப்படியே திரும்பிவிடுவார்கள். லாத்தா இரண்டு மாத வருகைப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேட்டு, உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். ஒன்பது, பத்து வகுப்புகளில் எந்தக் கிழமை யார் இல்லை என்று ஒரு தாளில் கட்டம் போட்டுக் கூட்டத்தில் வைத்தார். செவ்வாயும் வியாழனும் முதல் பிரிவேளை பத்தாம் வகுப்புக்குக் கணக்கு. வாரத்தில் இரண்டு கணக்கு வகுப்பு அந்தப் பையன்களுக்கு வருஷம் முழுக்கக் கிடைக்கவே இல்லை. மக்குப் பிள்ளைகள் என்று நாங்களும் திட்டிக்கொண்டிருந்தோம், அவர்களும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

தலைமையாசிரியர் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். அடுத்த வாரமே கால அட்டவணையில் அந்த இரண்டு நாளும் கணக்கை மூன்றாம் பிரிவேளைக்குத் தள்ளிவைத்தார். முதல் பிரிவேளைக்கு விளையாட்டும் நூலகமும் போட்டார். ஒரு பைசா செலவில்லை. பிள்ளைகளை வேலைக்கு அனுப்புவதை இது சரியாக்கிவிடவில்லை, அது எனக்குத் தெரியும். என் மகனும் போனவன்தான், நான்தான் அனுப்பினேன். ஆனால் பத்து மணிக்கு வந்தாலும் வகுப்புக்குள் விடுவார்கள் என்று தெரிந்ததும் பையன்கள் வர ஆரம்பித்தார்கள். ஆசிரியர்களுக்கு இதில் ஒரு நன்றி சொல்ல வேண்டும். குழு சொல்கிறது என்று முகத்தைச் சுளிக்காமல் மாற்றிக்கொண்டார்கள்.

இனி ஐந்தாவது விஷயம். நான் இந்த மதிப்பீட்டை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் எங்கள் ராமநாதபுரம் மாவட்டம் மாநிலத்திலேயே மூன்றாவது இடம், 96.36 சதவீதத் தேர்ச்சி. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் தேர்ச்சி பெற்ற பிள்ளைகள் ஜூனில் எங்கே போகிறார்கள் என்று அந்த எண்ணில் இல்லை. எங்கள் ஊரில் பாஸ் ஆன பிறகுதான் பிள்ளைகள் தொலைந்துபோகிறார்கள். காரணத்தை லாத்தா ஒரே வரியில் சொன்னார்: "ரிசல்ட்டு வர்ற மாசத்துல நம்ம வீட்ல காசு இருக்காது."

ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். லாஞ்சி எல்லாம் கரையில். 2025இல் பத்தாம் வகுப்பு முடிவு மே 16ஆம் தேதி வந்தது, பள்ளி ஜூன் 2ஆம் தேதி திறந்தது. இரண்டு தேதியும் தடைக்காலத்துக்குள்ளேயே விழுகின்றன. தடைக்கால நிவாரணம் வரும், ஆனால் அது கடைக் கடனுக்கும் வட்டிக்குமே சரியாகப் போகும். அரசுப் பள்ளியில் கட்டணம் பெரிதாக இல்லைதான். ஆனாலும் புதுச் சட்டைத்துணி, செருப்பு, போட்டோ, சாதிச் சான்றிதழுக்கு அலைகிற பஸ் காசு என்று எல்லாம் அந்த மாதத்தில் மலையாகத் தெரியும். நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது. அதனால் அப்பா கரையில் இருக்க, பையன் மாமன் சித்தப்பாவோடு நண்டு வலைக்குப் போவான். ஜூன் 15இல் அப்பாவின் லாஞ்சி கிளம்புகிறபோது அவனும் கூட ஏறிவிடுவான். ஒருவரும் அவனைப் படிக்காதே என்று சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஆனால் அதே தடைக்காலத்தில்தான் அப்பன்மார் எல்லா நாளும் வீட்டில் இருப்பார்கள். வருஷத்தின் மற்ற மாதங்களில் எந்த வீட்டுக்குப் போனாலும், "அவுங்க கடலுக்குப் போயிருக்காங்க, வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்றுதான் பதில் வரும். லாத்தா இதைக் கணக்குப் போட்டுவைத்திருந்தார். மார்ச்சிலேயே வகுப்பாசிரியர்களிடம் கேட்டு, எந்தப் பிள்ளை நின்றுவிடும் என்று சந்தேகமோ அவர்கள் பெயரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தார். 14 பெயர். முடிவு வந்த அடுத்த திங்கள்கிழமையில் இருந்து, தினமும் சாயந்திரம் ஐந்து மணிக்கு, குழுவில் இரண்டு பெண்களும் அந்தப் படகு ஆசாரியுமாகக் கிளம்பினார்கள்.

என் வீட்டுக்கும் வந்தார்கள். 14இல் என் மகன் பெயர் இருந்தது.

அவன் பாஸ். 500க்கு 287. கணக்கில் 39. வீட்டுக்காரர் திண்ணையில் வலையின் கிழிசலைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். லாத்தா பாயில் உட்கார்ந்து, கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, முதலில் படிப்பைப் பற்றிப் பேசவே இல்லை.

"தம்பி எங்க?"

"மாமா கூட நண்டு வலைக்குப் போயிருக்கான்."

"பங்கு எவ்வளவு குடுக்குறாக?"

"பங்கெல்லாம் இல்ல. நேத்து நூத்தம்பது குடுத்தாக."

"அவன் பதினொண்ணு போறேன்னு சொல்றானா, போகலைன்னு சொல்றானா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேரும் அவனிடம் அதைக் கேட்கவே இல்லை. அவன் கடலுக்குப் போக ஆசைப்படுகிறான் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். அவன் அப்பாவும் அப்படித்தான். இதை இங்கே எழுதுகிறபோதும் எனக்குக் கை கனக்கிறது.

மறுநாள் காலையில் லாத்தா கரைக்கே வந்துவிட்டார். ஒன்பதரை வரைக்கும் வெயிலில் நின்றார். மகன் இறங்கி வந்ததும், "ஒன் கூட்டாளி எந்தக் குரூப்புல சேந்திருக்கான்?" என்று மட்டும் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டே, "எனக்குக் கணக்கு வராது லாத்தா. நம்ம ஸ்கூல்ல பஸ்ட் குரூப்புதான் இருக்காம், மார்க் இல்லாதவன் வரவேணாம்னு பசங்க சொன்னாங்க" என்றான். யாரோ ஒரு பையன் சொன்ன வார்த்தை. அதை நம்பி இவன் பத்து நாளாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். பள்ளியில் வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப் பதிவியல் சேர்ந்த பிரிவு இருக்கிறது. இவன் மதிப்பெண்ணுக்கு அதில் இடமும் இருக்கிறது. சேர்க்கைப் படிவம் லாத்தாவின் பையிலேயே இருந்தது. படகோரத்தில் ஐஸ் பெட்டி மேலே வைத்து என் மகன் கையெழுத்துப் போட்டான். விரலில் நண்டு கடித்த காயம் இருந்தது.

அன்றைக்கு அவர் என் வீட்டுக்காரரிடம் சொன்ன விவரங்களை அப்படியே தருகிறேன், மற்றப் பெற்றோர்க்கும் உதவும். ஆறாவதில் இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்தால், பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். அது 2022இல் வந்தது. பையனுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் அதே தொகை. அது 2024 ஆகஸ்டில் வந்தது. மருத்துவத்தில் மட்டும் இல்லை, பொறியியல், வேளாண்மை, மீன்வளம், சட்டப் படிப்புகளிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977இல் இருந்து இருக்கிறது. கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்த எங்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு படிப்பு இருப்பது தெரியும்? பதினொன்றில் சேர்ந்தால் சைக்கிளும் உண்டு. என் வீட்டுக்காரர் சைக்கிளைப் பற்றித்தான் இரண்டு தடவை கேட்டார். சாயந்திரம் பஸ் இல்லாத ஊரில் அது சின்ன விஷயம் இல்லை.

14 பேரில் 9 பேர் பதினொன்றில் சேர்ந்தார்கள். இரண்டு பேர் ஐ.டி.ஐ. போனார்கள். இரண்டு பையன்கள் கடலுக்குப் போய்விட்டார்கள். ஒரு பெண்ணைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் 400க்கு மேல் எடுத்தவள். அந்த வீட்டுக்குக் குழு நான்கு தடவை போனது. அப்பா இல்லாத வீடு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. "ஒரு வருஷம் போயிட்டு வரட்டும்" என்றார்கள். அந்தப் பெயரை லாத்தா இன்னும் அடிக்கவில்லை.

அந்த வருஷம் பிள்ளைகளுக்கு இன்னொரு பயமும் இருந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருஷமும் பொதுத்தேர்வு. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையில் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டது. அந்தச் செய்தி மே மாதமே வந்திருந்தால் இன்னும் ஒருவனாவது சேர்ந்திருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது.

குறைகளுக்கு வருகிறேன். கூட்டம் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல். சனிக்கிழமை கடலுக்குப் போகிற லாஞ்சிக்கு டீசலும் ஐஸும் ஏற்றுகிற நேரம் அது. ஆண்கள் வரமுடியாது. நண்டுக் கம்பெனியில் நாங்கள் நாலு மணிக்குத்தான் கை கழுவுவோம். பாதிக் கூட்டங்களுக்கு ஏழெட்டுப் பேர்தான். வராதவர்களுக்குப் பதிவேட்டை வீட்டுக்குக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். இது தப்பு. லாத்தாவிடமே நேராகச் சொன்னேன். "சொல்றது சரிதான், கோரம், அதான் தேவையான ஆள் எண்ணிக்கை, இல்லைன்னா தீர்மானம் நிக்காதே, என்ன செய்யச் சொல்றே?" என்று கேட்டார். பதில் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் தப்பு தப்புதான்.

தீர்மானங்கள் பெற்றோர் செயலியில் ஏறுகின்றன, தலைவர் கைபேசியில்தான் பார்க்க முடிகிறது. அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினால் எல்லோரும் படிப்போம். பல தடவை கேட்டும் இரண்டு மாதம்தான் ஒட்டினார்கள். ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்துபோனதால், குழுவில் வார்டு மெம்பர் உட்கார்ந்த இடமும் சும்மா கிடக்கிறது. பஸ், தெருவிளக்கு மாதிரி விஷயங்களைக் கொண்டுபோய்ப் பேச ஆள் இல்லை. இதில் லாத்தாவைக் குறை சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர் சயன்ஸ் பிரிவு கொண்டுவருவேன் என்று நடுவில் ஒரு கூட்டத்தில் சொன்னாரே, அது குழுவின் கையில் இல்லாத விஷயம். பெற்றோர்கள் அதை நம்பி எட்டாவது படிக்கிற பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள். அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

மதிப்பெண் போடச் சொன்னால், கூட்டம் நடத்துவதற்கு ஐந்தில் இரண்டு. பள்ளிக்குள் நடந்த வேலைகளுக்கு மூன்றரை. வீடு தேடி வந்ததற்கு ஐந்தும்.

அடுத்து குழு அமைக்கிறபோது உங்கள் ஊரிலும் யாராவது எழுந்து நின்று முன்னுரிமை வாசிப்பார்கள். ஸ்மார்ட் வகுப்பறை, சுற்றுச்சுவர், வண்ணம் என்று சொல்வார்கள். அதுவும் வேண்டியதுதான். நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: போன வருஷம் பத்தாவது முடித்தவர்களில் பதினொன்றில் சேராதவர்கள் எத்தனை பேர், அவர்கள் பெயர் என்ன? எண் மட்டும் சொன்னால் போதாது, பெயர் தெரிந்திருக்க வேண்டும். நீங்களே நிற்பதாக இருந்தால் வருகைப் பதிவேட்டை ஒரு நாள் உட்கார்ந்து கிழமை கிழமையாக எண்ணிப் பாருங்கள். மல்லிகைத் தோட்டம் இருக்கிற ஊரில் பிள்ளைகள் வராமல் போவது வேறு மாதமாக இருக்கும், கரிமூட்டம் போடுகிற ஊரில் வேறு மாதமாக இருக்கும். எங்களுக்குச் செவ்வாயும் வியாழனும், அப்புறம் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை.

இந்த வருஷ நோட்டில் 11 பெயர் இருக்கிறது. என் மகன் பன்னிரண்டாவது போகிறான். ஒரு வீட்டுக்கு அவனையும் கூட அனுப்பச் சொல்லி லாத்தா கேட்டிருக்கிறார். அந்தப் பையன் இவனோடு நண்டு வலைக்குப் போனவன், பெரியவர்கள் போனால் பின்வாசல் வழியாக ஓடிவிடுகிறானாம். சனிக்கிழமை சாயந்திரம் சைக்கிளில் போவதாக இவன் சொல்லியிருக்கிறான்.